என் ரத்தமும் சாட்சி சொல்லட்டும்

ஜனவரி 9

அன்புள்ள ஒட்டடைக்குச்சித் தம்பிக்கு,

முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லித் தொலைத்துவிடுகிறேன். உனக்கும் எனக்கும் பொருந்துகிறதா என்று பார்க்க, கன்னத்தின் உள்பக்கம் தேய்த்து எடுக்கப் பஞ்சு சுற்றிய குச்சி கொடுத்தார்கள் அல்லவா? முதல் குச்சியை நான் கடித்து முறித்துவிட்டேன். வேண்டுமென்று இல்லை. கூசியது, சிரித்தேன், பல் இறங்கிவிட்டது. "அக்கா, தேய்க்கத்தான் குடுத்தேன், திங்க இல்ல" என்றாள் அந்தப் பரிசோதனைக்கூடத்துப் பெண். வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். உன் மாமாதான் எல்லாரையும்விடச் சத்தமாக.

இரண்டாவது குச்சி உயிரோடு போய்ச் சேர்ந்தது. பத்துக்குப் பத்து பொருத்தமாம். நீ பள்ளிக்கூடத்தில் கண்ணால் பார்க்காத மார்க்கு. நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள், பரீட்சையே எழுதாமல் வாங்கிவிட்டேன்.

டாக்டர் சொன்னது எனக்குப் புரிந்த வரையில் இதுதான். உன் எலும்புக்குள்ளே ரத்தம் செய்கிற பட்டறை கெட்டுப்போய்விட்டது. மருந்தால் அதை இடித்துத் தள்ளிவிட்டு, என் ஸ்டெம் செல்லை ஏற்றிப் புதுப் பட்டறை போடப் போகிறார்கள். சரி, போடட்டும். ஆள் நான் அனுப்புகிறேன்.

போனில் பேசினால் நீ 'ம்' என்கிறாய், நான் கத்துகிறேன். அதனால் இனிமேல் கடிதம்தான். தாளில் நான் கத்தினால் பக்கத்துப் படுக்கைக்காரருக்குக் கேட்காது.

இங்கே எல்லாரும் சௌக்கியம். காற்றடிக்கிற கம்ப்ரசருக்கு மட்டும் மூச்சு வாங்குகிறது. உன் உடம்பைப் பற்றி ஒளிக்காமல் எழுது.

உன் அக்கா,
பஞ்சர் கடைக் காற்றுக்காரி

ஜனவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலம் என்று எழுதிப் பழகிவிட்டது, அப்படியே படி. காய்ச்சல் இரண்டு நாளாக இல்லை.

உன் கடிதத்தை என் பெண்டாட்டி வாசித்துக் காட்டினாள். குச்சி வந்த இடத்தில் சிரித்து, வாய்ப்புண் வெடித்துவிட்டது. இனிமேல் சிரிப்பு வருவதாக இருந்தால் மேலேயே எச்சரிக்கை எழுது.

அக்கா, நீ 'முடியாது' என்று சொன்னால்கூட நான் தப்பாக நினைக்க மாட்டேன். ஊசி, மெஷின் எல்லாம் இருக்கிறது. நான் லிஃப்ட் மெக்கானிக். கயிறு எப்போது அறும் என்று கணக்குப் போட்டே வளர்ந்தவன். இதில் எனக்குக் கணக்குத் தெரியவில்லை. சில பேருக்குப் புது செல் ஒட்டுவதில்லை. சில பேருக்கு ஒட்டிய பிறகு அதுவே உடம்பைத் தாக்குமாம். யாருக்கு எது என்று முன்கூட்டியே சொல்ல முடியாதாம்.

அதைக் கண்டுபிடிக்கப் பல ஊர் ஆஸ்பத்திரிகள் சேர்ந்து ஒரு சாம்பிள் பேங்க் வைத்திருக்கிறார்கள். கொடுப்பவர் ரத்தம், வாங்குபவர் ரத்தம், இரண்டையும் உறைய வைப்பார்களாம். என்னைக் கேட்டார்கள். கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கு எதை நீட்டினாலும் போட்டிருப்பேன். உன்னையும் கேட்பார்கள்.

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

தம்பி

பிப்ரவரி 22

அன்புள்ள தம்பிக்கு,

பத்திரமாக ஊர் வந்து சேர்ந்தோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ கையைத் தூக்கிக் காட்டியது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. மொட்டைத் தலை உனக்கு எடுப்பாகத்தான் இருக்கிறது. முடி இருந்தபோது இந்த அழகு இல்லை.

மெஷினைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஒரு கையில் ரத்தத்தை உறிஞ்சி, வேண்டியதை வடிகட்டிக்கொண்டு, மிச்சத்தை மறு கையில் விடுகிறது. அரை நாள் மல்லாந்து கிடந்தேன். கல்யாணம் ஆனதிலிருந்து எனக்குக் கிடைத்த முதல் ஓய்வு. அதற்கு முன்னால் போட்ட ஊசிகள்தான் படுத்தின. இடுப்பு எலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பேசியது.

கடைசியில் பை நிரம்பியது. பார்க்கத் தக்காளிச் சாறு மாதிரி. "இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்றேன். நர்ஸ் அந்தப் பையைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு போனாள்.

சாம்பிள் பேங்க்குக்காரி வந்தாள். நான் அவளுக்குப் பனிப்பெட்டி அம்மா என்று பெயர் வைத்திருக்கிறேன். ரத்தக் குழாய் மேலே பேர்கூட எழுதி ஒட்ட மாட்டாளாம், வெறும் நம்பர்தான். "ஒரு ஆஸ்பத்திரியில வர்றவங்க கொஞ்சம் பேர்தாம்மா. அத வெச்சு எதுவும் சொல்ல முடியாது. எல்லா ஊரும் ஒரே மாதிரி எடுத்து, ஒண்ணா சேர்த்து வெச்சாத்தான் யாருக்கு ஏன் ஒத்துக்கல, யாருக்கு ஏன் ஒத்துக்கிச்சுன்னு தெரியும். அதுவும் ஜோடியா வேணும். குடுத்தவங்களது மட்டும் இருந்தா ஒத்தச் செருப்பு மாதிரி" என்றாள்.

"என் தம்பிக்கு இது உதவுமா?" என்று கேட்டேன்.

"உதவும்னு நான் பொய் சொல்ல மாட்டேன். பின்னால வர்றவங்களுக்கு உதவலாம்."

எனக்கு அவளைப் பிடித்துப்போனது. "எடுத்துக்கோம்மா. எங்க வீட்டுல புகுந்த திருடன அடுத்த தெருவுலயாவது புடிக்கட்டும்" என்று கையை நீட்டினேன்.

வீட்டுக்கு வந்தால் என் நாத்தனார் உட்கார்ந்திருக்கிறாள். "ரத்தத்த ஐஸ்ல வெச்சுட்டு வந்திருக்கியே, உன்ன மாதிரியே இன்னொருத்தியச் செஞ்சிட்டாங்கன்னா?" என்கிறாள். உன் மாமா முகம் வெளுத்துவிட்டது. "அடியே, அதுக்கெல்லாமா கையெழுத்துப் போட்ட?"

சாப்பிடு. சாப்பிட முடியாவிட்டாலும் தட்டைப் பார்த்து முறைக்கவாவது செய்.

அக்கா

மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

எச்சரிக்கை: இந்தக் கடிதத்தில் நல்ல செய்தி இருக்கிறது.

ஒட்டிவிட்டது. வெள்ளை அணு எழும்பிவிட்டது. டாக்டர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அவர் சாதாரணமாகப் புருவத்தைக்கூடத் தூக்காத ஆள். போகப் போக என் ரத்த குரூப்பே உன்னுடையதாக மாறிவிடுமாம். இனிமேல் என்னைக் கொசு கடித்தால் உனக்குச் சேதி அனுப்புகிறேன், நீ அங்கே சொறிந்துகொள்.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில் வாடகை அறைக்குப் போகிறோம். ஒரு ஜன்னல், ஒரு கட்டில், அடுப்பு வைக்க ஒரு மூலை. எனக்கு அது அரண்மனை.

மாமாவிடம் சொல், பயப்பட வேண்டாம். இன்னொருத்தியைச் செய்துவிட்டார்கள்தான். ஆனால் அவள் இங்கே என்னோடு இருக்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். இடுப்பு வலி போய்விட்டதா?

தம்பி

மார்ச் 15

அன்புள்ள தம்பிக்கு,

இடுப்பு வலி போயே போச்சு. உன் கடிதத்தைக் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டினேன். ஒரு லாரி டிரைவர் டயர் மாட்டின பிறகும் கிளம்பாமல் இரண்டாவது தடவை வாசிக்கச் சொன்னார்.

ஒன்று சொல்லி வைக்கிறேன். என் ரத்தம் சும்மா இருக்காது. வாய் நீளும். யாராவது வரிசையில் முந்தினால் கை தானாக ஓங்கும். உன் பெண்டாட்டியிடம் சொல்லி வை, பாதி நாத்தனாரோடு குடித்தனம் நடத்துகிறாள் என்று. என் செல் எதுவாவது உன்னிடம் அடங்காமல் ஆடினால் எனக்கு ஒரு வரி எழுது. வந்து இரண்டு போடுகிறேன்.

சௌக்கியத்துக்கு எழுது. ஜன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது?

அக்கா

ஏப்ரல் 11

அன்புள்ள தம்பிக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. ஜன்னலுக்கு வெளியே அவ்வளவு நல்ல காட்சியா?

போன் போட்டால் உன் பெண்டாட்டி "தூங்கறார் அண்ணி" என்கிறாள். மூன்று வாரமாகத் தூங்குகிறாய். பிறந்ததிலிருந்து நீ அப்படித் தூங்கியதில்லை. நாங்கள் யாரும் தூங்கவும் நீ விட்டதில்லை.

நேற்றுப் பனிப்பெட்டி அம்மா கூப்பிட்டாள். நீ சாம்பிள் பேங்க்கிலிருந்து விலகிக்கொண்டாயாம். இந்த மாதக் கடைசியில் உன் ரத்தம் உறைய வைத்த குழாய்களை எடுத்து ஒழித்துவிடுவார்களாம். "அவருடையது போனா உங்களுடையதுக்கு ஜோடி இருக்காது. உங்களுடையத வெச்சிருக்கவா, எடுத்துடவா?" என்று கேட்டாள்.

"ஏன் விலகினான்?" என்றேன்.

"அத நான் சொல்லக் கூடாதும்மா. அவரையே கேளுங்க."

கேட்கிறேன். ஏன்?

இங்கே எல்லாரும் நலம். நீ?

அக்கா

ஏப்ரல் 16

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். இங்கே வெயில் அதிகம். தாங்கள் அனைவரும் நலமா?

சாம்பிள் விஷயத்தில் தனிப்பட்ட காரணம் எதுவும் இல்லை. குத்தியது போதும் என்று தோன்றியது. தங்களுடையதையும் எடுத்துவிடச் சொல்லிவிடுங்கள். அந்தப் பேச்சை இத்துடன் விட்டுவிடலாம்.

மாமாவுக்கு வணக்கம்.

இப்படிக்கு,
தம்பி

ஏப்ரல் 19

தம்பி பெண்டாட்டிக்கு,

இந்தக் கடிதம் உனக்கு. அவனிடம் கொடுக்காதே.

'மதிப்பிற்குரிய அக்கா அவர்கள்' யாரம்மா? அப்படி ஒருத்தி எங்கள் வீட்டில் இல்லை. வந்த கடிதத்தில் எழுத்தெல்லாம் முத்து முத்தாக உட்கார்ந்திருக்கிறது. என் தம்பி எழுதினால் கோழி நடந்த மாதிரி இருக்கும். அவன் சொல்ல நீ எழுதியிருக்கிறாய். சரி. அவன் கைக்கு என்ன?

நீ நல்லபடியாக இருக்கிறாயா? உன்னை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நான் கேட்கிறேன்.

அண்ணி

ஏப்ரல் 22

அன்புள்ள அண்ணிக்கு,

நான் இருக்கிறேன். கேட்டதற்கு நன்றி. படித்ததும் கொஞ்ச நேரம் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

அவர் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். மன்னித்துவிடுங்கள், உடைக்கிறேன்.

மார்ச் கடைசியில் உள்ளங்கையும் பாதமும் சிவந்தன. பிறகு உடம்பு முழுக்கப் படர்ந்தது. இப்போது கையில் தோல் உரிகிறது, பேனா பிடிக்க முடியவில்லை. வயிறும் சரியில்லை. புதிதாக ஒட்டிய செல் அவர் உடம்பை அந்நியம் என்று நினைத்துத் தாக்குகிறதாம். மருந்தைக் கூட்டியிருக்கிறார்கள். "பார்க்கலாம்" என்கிறார் டாக்டர்.

அண்ணி, அது உங்கள் செல். அதனால்தான் சொல்லவில்லை. சாம்பிளுக்கு மறுபடி ரத்தமும் தோலும் கேட்டு வந்தபோது அவர் கத்திவிட்டார். "எங்கக்கா குடுத்தது என்ன அடிக்குதுன்னு நீங்க ஒரு பெட்டியில போட்டு வெக்கணுமா? அழிச்சிடுங்க எல்லாத்தையும்" என்றார். அவர் இப்படிக் கத்தி நான் பார்த்ததில்லை.

நான் எழுதியதாகச் சொல்லாதீர்கள். சொன்னாலும் பரவாயில்லை.

உங்கள் தம்பி மனைவி

ஏப்ரல் 24

டேய் தம்பி,

நலமா என்று கேட்க மாட்டேன். தெரிந்துவிட்டது. உன் பெண்டாட்டியைத் திட்டினாயோ, அப்புறம் நான் அங்கே குடிவந்துவிடுவேன்.

சின்ன வயதில் நான் உன் தலையில் ஒரு குட்டு வைத்தால், தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி "அம்மா, அக்கா அடிக்கிறா" என்று ஓடுவாய். குட்டு விழுவதற்கு முன்னாலேயே ஓடின நாளும் உண்டு. இப்போது உனக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு தோலை உரிக்கிறேன், மூச்சு விடவில்லையே நீ? எப்போதடா இவ்வளவு பெரிய மனுஷன் ஆனாய்?

நான் அழுதேனா என்று யாரும் கேட்க வேண்டாம். அன்றைக்கு லாரி டயர் இரண்டு வந்தது. கழற்றினேன். வழக்கத்தைவிடச் சீக்கிரம் கழன்றது.

கேள். அந்த செல்லுக்குக் கண்ணா இருக்கிறது? முன்பின் தெரியாத வீட்டில் கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள், எதிர்ப்பட்டவனையெல்லாம் திருடன் என்று நினைத்துக் கை நீட்டுகிறது. அது என் குற்றமும் இல்லை, உன் குற்றமும் இல்லை. அதை ஏன் முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியவில்லை என்று பார்க்கத்தான் அந்தப் பனிப்பெட்டி. நீ என்ன செய்தாய்? அக்கா பெயர் கெட்டுவிடும் என்று உன் பங்கை உருவிக்கொண்டாய். என்னைக் காப்பாற்றுகிறேன் என்று அந்த வியாதியைக் காப்பாற்றி விட்டிருக்கிறாய்!

எழுதட்டுமடா. 'அக்கா கொடுத்தாள், தம்பியைப் புரட்டி எடுத்தது' என்று கொட்டை எழுத்தில் எழுதட்டும். வேண்டுமானால் கடை வாசலில் போர்டாகவே மாட்டுகிறேன். எனக்கு அதில் வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டியது அந்த வியாதி. அது நம்மை வாய் பேசாமல் அடக்கிவிடப் பார்க்கிறது. நம் வீட்டில் வாய் பேசாமல் இருந்தவர்கள் யார் இருக்கிறார்கள்?

எந்த ஊரிலோ நாளைக்கு ஒரு அக்கா கையை நீட்டிக்கொண்டு அந்த மெஷின் பக்கத்தில் படுப்பாள். 'இவளது கொஞ்சம் முரட்டு செல், முதலிலேயே மருந்தைக் கூட்டு' என்று அங்கே ஒரு டாக்டருக்குத் தெரிய வேண்டும். அதற்கு என் ரத்தமும் சாட்சி சொல்லட்டும்.

பயம் இல்லை என்று புளுக மாட்டேன். உனக்கு ஏதாவது என்றால். அந்த வரியை நான் முடிக்கப் போவதில்லை.

என்னுடையதை எடுக்கக் கூடாது என்று பனிப்பெட்டி அம்மாவிடம் சொல்லிவிட்டேன். நீ சேர்ந்தால் ஜோடி. சேராவிட்டால் ஒற்றைச் செருப்பாகக் கிடப்பேன். ஆனால் கிடப்பேன். உடம்பு உன்னுடையது, கையெழுத்தும் உன்னுடையது. வற்புறுத்துகிறேன் என்று நினைக்காதே. திட்டுகிறேன், அவ்வளவுதான்.

மாத்திரையை ஒழுங்காகப் போடு.

அக்கா, அக்கா, அக்கா

மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

இது என் கையெழுத்துதான். கோழி நொண்டுகிறது, பொறுத்துக்கொள்.

உன் கடிதம் வந்த அன்று மாலையே சக்கர நாற்காலியில் சாம்பிள் அறைக்குப் போனேன். என்னைச் சத்தியம் தவறியவள் தள்ளிக்கொண்டு வந்தாள். கதவுகிட்டே வந்ததும் "அண்ணிக்கு நான் பயந்தவ. உங்களுக்கு இல்ல" என்றாள்.

குழாய்களை இன்னும் ஒழிக்கவில்லை. பனிப்பெட்டி அம்மா உடனே தாளை நீட்டுவார் என்று பார்த்தால், என்னை உட்கார வைத்துக் கேள்வி கேட்கிறார். "நல்லா யோசிச்சீங்களா? யாராவது வற்புறுத்தினாங்களா?"

"வற்புறுத்தல. திட்டினாங்க."

"யாரு?"

"நீங்க ஐஸ்ல வெச்சிருக்கீங்களே, அவங்கதான்."

அவர் சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். மறுநாள் வரை யோசிக்கச் சொல்லி அனுப்பினார். மறுநாளும் போனேன். கையெழுத்துப் போட்டேன். ரத்தம் கொடுத்தேன். முழங்கைக்கு மேலே உளுந்து அளவுக்குத் தோலும் எடுத்தார்கள். இந்தத் தடவை எதில் கையெழுத்துப் போடுகிறேன் என்று தெரிந்து போட்டேன். எனக்கும் கோபம் இருக்கிறது, அக்கா. அதைப் போட ஒரு இடம் கிடைத்தது.

உன் பெயருக்காக மட்டும் விலகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெட்டியில் வைத்துவிட்டால் அது உண்மையாகிவிடும் என்று பயந்தேன். வைக்காமல் இருந்தபோதும் தோல் உரியத்தான் செய்தது.

புது மருந்து பிடிக்கிற மாதிரி இருக்கிறது. முகம் பூசணிக்காய் அளவுக்கு வீங்கியிருக்கிறது. உள்ளங்கையில் புதுத் தோல் வருகிறது, குழந்தையுடையது மாதிரி. டாக்டர் இன்னும் "பார்க்கலாம்" என்றுதான் சொல்கிறார். நானும் அவரைப் பார்த்து "பாருங்க" என்கிறேன்.

ஜன்னலுக்கு வெளியே ஒரு சுவர் தெரிகிறது. கேட்டிருந்தாய்.

உன் தம்பி

ஜூன் 20

அன்புள்ள தம்பிக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். உன் மாமாவும் கடையும் அப்படியே இருக்கிறார்கள். இரண்டும் கொஞ்சம் தூசி.

உன்னோடு அந்தச் சந்து முனை வரை நடந்தது எனக்குப் போதும். நீ மூன்று இடத்தில் நின்றாய், நான் கடை வேடிக்கை பார்க்கிற மாதிரி நின்றேன். பின்கழுத்தில் இன்னும் சிவப்பு இருக்கிறது. சட்டைக் காலரைத் தூக்கி மறைக்காதே. டாக்டரிடம் காட்டு. போகிற வரைக்கும் மல்லுக்கு நிற்போம். அது களைத்துப் போகட்டும், நாம் போக மாட்டோம்.

சாம்பிளுக்கு நான் இரண்டாவது தடவை ரத்தம் கொடுத்த பிறகு, பனிப்பெட்டி அம்மா என்னைக் கண்ணாடிக் கதவுவரை கூட்டிப்போனாள். பெரிய எவர்சில்வர் பீப்பாய் ஒன்றின் மூடியைத் திறந்தார்கள். உள்ளேயிருந்து புகை கிளம்பித் தரையில் படர்ந்தது. பத்து ஊர்க்காரர்கள் அதற்குள்ளே இருக்கிறார்களாம். அண்ணன் தம்பி, அக்கா தங்கை, முகமே தெரியாதவருக்குக் கொடுத்தவர்கள். பிழைத்தவர்களும் இருக்கிறார்கள், பிழைக்காதவர்களும் இருக்கிறார்கள். "உங்க ரெண்டு பேரு குழாயும் பக்கத்துப் பக்கத்துலதாம்மா இருக்கு" என்றாள். அடித்துக்கொள்ளாமல் இருக்கிறார்களா என்று கேட்டேன். அந்தக் குளிரில் முடியாதாம்.

உன் பெண்டாட்டியிடம் சொல், அடுத்த மாதம் அவள் ஒரு வாரம் அம்மா வீட்டுக்குப் போகட்டும். உன்னைப் பார்த்துக்கொள்ள நான் வருகிறேன். உன் சம்மதம் கேட்கவில்லை, தெரிவிக்கிறேன். மாத்திரை, சாப்பாடு, தூக்கம் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று உன் கோழி எழுத்திலேயே எழுது.

உன் அக்கா,
பஞ்சர் கடைக் காற்றுக்காரி

பி.கு.: நேரில் சொல்லவில்லை, எழுதிவிடுகிறேன். நான் அங்கே வந்திறங்கிய அன்றைக்குக் காலையில் ஆஸ்பத்திரி வாசலில் நீ வருவாய் என்று நின்றுகொண்டிருந்தேன். தொப்பி, மாஸ்க், ஒல்லி உடம்பு, அதே உயரம். கையில் கிருமி கொல்லும் மருந்துத் தண்ணீரைத் தேய்த்துக்கொண்டு, பின்னாலிருந்து போய்க் காதைப் பிடித்துத் திருகினேன். என்னிடமா மறைத்தாய், நான் என்ன செத்தா போய்விட்டேன், இவ்வளவு வலியையும் தனியாகவா தாங்குவாய் என்று ஆரம்பித்து, நல்ல நேரம் எடுத்துத் திட்டினேன். அழுதும் விட்டேன். அவர் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. நான் முடித்ததும், "தப்புதாங்கக்கா. இனிமே எதையும் மறைக்க மாட்டேன்" என்றார். குரல் மாறியிருந்தது. மருந்தாக இருக்கும் என்று நினைத்தேன். அப்போதுதான் நீ படிக்கட்டிலிருந்து என்னைக் கூப்பிட்டாய். அவர் கேன்டீனுக்குத் தண்ணீர் கேன் போடுகிறவராம். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆறு கேன் இறக்கி வைத்துவிட்டுப் போனார்.